நாளைக் காலை பள்ளிக்கூடத்தில் கூட்டம், அவசரம்

புதிதாய் வந்த அம்மா
வணக்கம். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம். மகனுக்கு 13 வயது. நாளைக் காலை 9 மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன விஷயம் என்று கேட்டால் "ஒன்றுமில்லை அம்மா" என்கிறான். எனக்கு ஆங்கிலம் வராது, தொலைபேசியில் பேசியதும் அவன்தான். இரண்டு வாரமாகச் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வருகிறது. இரவில் நித்திரையும் இல்லை. பள்ளிக்கூடத்தால் நிப்பாட்டிவிடுவார்களா?

பழைய கனடாக்காரன்
தங்கச்சி, பயப்படாதீர்கள். நான் 1989இல் வந்தவன். ஒரே பேஸ்மென்டில் ஒன்பது பேர். பகலில் தொழிற்சாலை, இரவில் கோப்பை கழுவல். முதல் பனிக்குச் சப்பாத்துக்குள் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். பிள்ளைகள் கெதியில் பழகிவிடுவார்கள். வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய்
அண்ணா, ஆங்கிலம் வராத தாய் எப்படிப் பேசுவார்? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். இன்று மகளும் நானும் மனம்விட்டுப் பேச ஒரு மொழி இல்லை. தமிழை விடாதீர்கள்.

பிராம்ப்டன் தம்பி
கூட்டத்தில் வாயைத் திறக்காதீர்கள் அக்கா. அகதி வழக்கு பாதிக்கப்படும். எனக்கு இரண்டு வேலை, வாடகைக்கே சரியாகப் போகிறது. பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்.

பழைய கனடாக்காரன்
வாடகையைப் பற்றிக் கேட்காதே தம்பி. அந்தக் காலத்தில்...

செல்வி அக்கா
வாடகையைப் பிறகு பேசலாம். நாளை 9 மணிக்கு அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிய கூட்டத்தில் தானே மொழிபெயர்க்கப் போகிறான். எனக்கு 11 வயதில், வைத்தியர் சொன்னதை அம்மாவிடம் மாற்றிச் சொன்னேன், அம்மா அழுவார் என்று. அந்தப் பாரம் இவனுக்கு வேண்டாம்.

இப்போதே பள்ளிக்கூட எண்ணுக்கு அழைத்து மகனின் பெயரைச் சொல்லி, "டமில் இன்ரப்ரிற்றர் ப்ளீஸ்" (தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்) என்று குரல் பதிவு விடுங்கள். காலையில் ஆள் இல்லையென்றால் தொலைபேசியில் ஒருவரைப் பிடித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது வேறு நாள் கேளுங்கள்.

தம்பி, பயமுறுத்தாதே. ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவுப்படி, பெற்றோருக்கோ பிள்ளைக்கோ விசா இல்லை என்பதற்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது.

தங்கச்சி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். வழக்கு முடிந்துவிட்டதா? இடையில் படிப்பு விட்டுப்போனதா?

புதிதாய் வந்த அம்மா
வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை அக்கா. பாங்கொக்கில் ஒளிந்திருந்த இரண்டு வருடமும் அவனுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பயத்தில் அதை மறைத்துவிட்டேன்.

செல்வி அக்கா
நாளைக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். இங்கே வயதைப் பார்த்து வகுப்பில் போடுவார்கள். மொழி மட்டும் புதிதான பிள்ளைக்கு ஈஎஸ்எல் என்ற ஆங்கிலப் பாடம். படிப்பே விட்டுப்போன பிள்ளைக்கு ஈஎல்டி என்று வேறு பாடத்திட்டம் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கு முடியாததால் மத்திய அரசின் குடியேற்ற உதவிகள் பெரும்பாலும் கிடைக்காது. மாகாண அரசு பணம் கொடுக்கும் நிலையங்கள் உங்களையும் பார்க்கும். நித்திரையில்லாததற்கு, அகதிகளுக்கான இடைக்கால மருத்துவக் காப்புறுதியை ஏற்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி இன்றிரவு கேட்டு நெருக்காதீர்கள்.

புதிதாய் வந்த அம்மா
குரல் பதிவு விட்டுவிட்டேன் அக்கா. மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப நான் சொல்லத் தேவையில்லையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். போய்ப் படுத்துவிட்டான்.