மேலே சூடு, கீழே சில்லிப்பு

குழு: தோட்டத்து வீடு

அக்கா, இரவு 8:05
மாமா, வியாழக்கிழமை வைகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு. பெரியவன் இப்போதே நீச்சல் டிரவுசரை எடுத்துப் பையில் வைத்துவிட்டான். தாத்தா வீட்டுக்குப் பக்கத்திலேயே அவ்வளவு பெரிய வைகை அணை இருக்கு, அதில் ஒரு நாளாவது நீந்தியே ஆகணுமாம். இங்கே 3 மாசம் நீச்சல் குளத்துக்கு அனுப்பினோம், நிற்காமல் 25 மீட்டர் போகிறான். இந்த வெயிலுக்குத் தண்ணீரும் சூடாகத்தானே இருக்கும்?

மாமா, இரவு 8:11
வாங்க தாயி, பிள்ளைகளைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. ஆனால் அணை வேண்டாம். உள்ளே இறங்கிக் குளிக்கவே அனுமதி கிடையாது, பலகை வைத்திருக்கிறார்கள். பலகை இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன்.

அம்மா, இரவு 8:12
அண்ணே, பையன் ஆசைப்படுகிறான். ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கட்டுமே, நாம் எல்லாரும் கூடத்தானே இருப்போம்.

மாமா, இரவு 8:20
அணைக்கு ஓரம்னு ஒன்று நிலையாகக் கிடையாது தங்கச்சி. முழுக் கொள்ளளவு 71 அடி. தை மாசம் நீ பார்த்த கரை வேறு, சித்திரையில் தண்ணீர் உள்வாங்கின பிறகு இருக்கிற கரை வேறு. இப்போது நீ ஓரம் என்று சொல்கிற இடம் போன மாசம் தண்ணீருக்கு அடியில் கிடந்த சகதி. மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், நம்பிக் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். இழுக்க இழுக்க இன்னும் இறங்கும். அந்த நிலையில் 25 மீட்டர் நீச்சல் என்னத்துக்கு ஆகும்?

நான், இரவு 8:22
மாமா, அக்கா கேட்டது தண்ணீர் சூட்டைப் பற்றி. உங்களுக்குக் கால் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்லுங்க, அவளுக்குத் தெரியாது.

மாமா, இரவு 8:34
சொல்கிறேன் மாப்பிள்ளை. எனக்கு அப்போது 22 வயசு, அணையில் ஷட்டர் பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதுசு. இதே சித்திரை, மத்தியானம் 3 மணி. ஒரு பரிசலின் கயிறு அவிழ்ந்து மிதந்து போகிறது, நான் எடுத்து வருகிறேன் என்று குதித்துவிட்டேன். மேல் தண்ணீர் குளிக்க வெளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. நெஞ்சு வரைக்கும் அந்தச் சூடு, காலை நீட்டினால் பாதத்துக்கு மட்டும் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. அதைப் பெரிசாக நினைக்கவில்லை. கயிறு கீழே முள்ளில் சிக்கியிருந்ததால் மூழ்கினேன். இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது, சட்டென்று குளிர் தலையில் அடித்தது, என்னை அறியாமல் வாயைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டேன். மேலே வரக் காலை உதைத்தால் கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிவிட்டது. கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. மீன் பிடிக்கிற இன்னொரு பரிசல்காரர் துடுப்பை நீட்டினார், அதைப் பிடித்ததுதான் ஞாபகம். பரிசலில் குப்புறக் கிடந்தபோது அடித்த தார் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. ரோட்டுக்குத் தார் போடுகிற இடத்தைத் தாண்டினால் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அக்கா, இரவு 8:36
ஐயோ மாமா. இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

சித்தப்பா, இரவு 8:44
மச்சான் சொல்வதை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே எடுக்கிறேன். வெயில் நேரடியாகச் சூடாக்குவது மேல் தண்ணீரைத்தான். சூடான தண்ணீர் எடை குறைவு, அதனால் மேலேயே மிதக்கும், கனமான குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். காற்று அடித்துக் கலக்கினால்தான் இரண்டும் சேரும். ஆகவே கையை விட்டுப் பார்த்து, சூடாகத்தான் இருக்கு, இறங்கலாம் என்று முடிவு செய்தால் அது மேல் தண்ணீரை மட்டும் பார்த்த முடிவு. இன்னொன்று, தண்ணீர் தெளிவாக இருந்தால் 4 அடி ஆழம் மேலேயிருந்து பார்க்க 3 அடியாகத் தெரியும், ஒளிவிலகல். கண்ணையும் நம்ப முடியாது.

நான், இரவு 8:47
அப்போ மார்கழியில் என்ன? போன வருஷம் விடியக்காலையில் போனோமே, தண்ணீருக்கு மேலே புகை மாதிரி எழும்பியது. கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

சித்தப்பா, இரவு 8:51
வெளிக் காற்று அவ்வளவு குளிர்ந்திருந்தது, அதனால் தண்ணீர் சூடாகத் தோன்றியது. உடம்புச் சூட்டை விடக் குறைவான எந்தத் தண்ணீரும் நம் சூட்டை எடுத்துக்கொண்டேதான் இருக்கும், அதுவும் காற்றை விட சுமார் 25 மடங்கு வேகமாக. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நீலம் பாய்ந்து பல் கிட்டினால் அப்புறம் ஒரு நிமிஷம்கூடத் தண்ணீரில் வைத்திருக்கக் கூடாது.

மாமா, இரவு 8:58
ஆடியையும் சொல்லிவிடுகிறேன், லீவுக்கு மறுபடி வந்தால் கேட்பான். கம்பம் பக்கமிருந்து வருகிற காற்றில் அணை முழுக்க அலை, மேலே கீழே எல்லாம் கலந்து தண்ணீர் கலங்கலாகிவிடும், அடியில் முள்ளா பாறையா தெரியாது. அப்போதுதான் முல்லைப் பெரியாறு தண்ணீரும் மலையிலிருந்து வரும். ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது, அதற்கப்புறம் உபரித் தண்ணீரை ஆற்றில் விடுவார்கள். ஆற்றில் இறங்கினவன் சங்குச் சத்தம் கேட்டு ஓடினால்தான் உண்டு.

அக்கா, இரவு 9:02
சரி மாமா, அணை வேண்டாம். இவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, பக்கத்திலேயே நின்று எல்லாத்தையும் படிக்கிறான்.

அக்கா, இரவு 9:04
தாத்தா நான்தான் எழுதுறேன். அப்போ எங்கதான் நீந்துறது?

மாமா, இரவு 9:10
என் தங்கமே, தோட்டத்துக் கிணறு இருக்குடா. வெயிலிலும் குளிரிலும் அதன் சூடு பெரிசாக மாறாது, நிலத்தடித் தண்ணீர். அதனால்தான் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளுகுளுவென்றும் தெரியும். கடைசிப் படி எங்கே முடிகிறது, அடியில் எந்தப் பக்கம் பாறை என்று தாத்தாவுக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஆனால் குதிக்கக் கூடாது, படி வழியாக இறங்கி முதலில் காலையும் கையையும் நனைத்துக்கொண்டு, அப்புறம் மெதுவாக. இடுப்பில் கயிறு உண்டு. தம்பிக்குப் பம்புசெட் தொட்டி போதும்.

அக்கா, இரவு 9:11
கயிறா?? எனக்குத்தான் நீச்சல் தெரியுமே தாத்தா

மாமா, இரவு 9:13
எனக்கும் அன்றைக்குத் தெரியும்டா.

அம்மா, இரவு 9:15
அண்ணே, ஒரு நாள் அணைப் பூங்காவுக்கும் கூட்டிப் போங்க, மேலேயிருந்து தண்ணீரைப் பார்க்கட்டும். நான் மீன் குழம்பு வைத்து எடுத்து வருகிறேன்.

மாமா, இரவு 9:16
ஆகட்டும். ஜிலேபி மீன் சொல்லி வைக்கிறேன்.

நான், இரவு 9:20
லாரி டியூப் இரண்டு இங்கே பஞ்சர் கடையில் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுவருகிறேன். மாமா, ஒன்று ஒட்டுப் போட்டது, பரவாயில்லையா?

மாமா, இரவு 9:21
ஒட்டுப் போட்டது வேண்டாம் மாப்பிள்ளை. நல்லதாக ஒன்று போதும்.