மாரடைப்புக்குப் பின் என்டி-புரோபிஎன்பி 1,450: இதை வைத்து என்ன சொல்ல முடியும்?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்):
சர்க்கரை நோயுள்ள என் தந்தைக்கு வயது 67. சென்ற மாதம் மாரடைப்பு வந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டிரோபோனின் மிக அதிகம்; கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) 1.6, என்டி-புரோபிஎன்பி 1,450 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருக்கிறது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 45 சதவீதம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த அம்புக்குறிக்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. இனி வரும் ஆண்டுகள் எப்படியிருக்கும் என்று இந்த எண்கள் சொல்லுமா? மாதாமாதம் டிரோபோனின் பார்க்க வேண்டுமா?

பதில் 1 (புதுச்சேரி, ஆய்வக ஊழியர்):
டிரோபோனின், சேதமடைந்த இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் புரதம். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ரத்தத்தில் இருந்துவிட்டு இறங்கிவிடும். எனவே, புதிதாக நெஞ்சுவலி வந்தாலொழிய மாதாமாதம் பார்ப்பது வீண் செலவு.

பதில் 2 (கடலூர், பொது மருத்துவர்):
என்டி-புரோபிஎன்பி வேறு வகை. இதயச் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது சுரப்பது. ஆகவே தசை எவ்வளவு போயிற்று என்பதைவிட, எஞ்சிய தசை எவ்வளவு சிரமப்படுகிறது என்பதையே அது காட்டுகிறது. மாரடைப்புக்குப் பின் இது உயர்ந்திருப்பவர்களிடையே இதயச் செயலிழப்பும் இறப்பும் கூடுதல் என்பது உறுதியாக அறியப்பட்ட செய்திதான். ஆனால் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தங்கள் தந்தை ஒருவரைப் பற்றிய தீர்ப்பு அன்று. வயது கூடினாலும், சிறுநீரகம் தளர்ந்தாலும் இந்த எண் ஏறும். உடல் பருமனாக இருந்தால் குறைவாகக் காட்டும். கிரியேட்டினின் 1.6 இருக்கும்போது 1,450 முழுவதையும் இதயத்தின் கணக்கில் எழுத முடியாது. அதோடு இது இரண்டாம் நாள் எடுத்தது. மாரடைப்பின் முதல் நாட்களில் இது உயர்வது வழக்கம். சில வாரங்கள் கழித்து எடுப்பது இறங்கியிருக்கிறதா என்பதே பயனுள்ள தகவல்.

ஆபத்தைக் கணிக்க நாங்கள் பயன்படுத்தும் கிரேஸ் மதிப்பெண்ணில்கூட டிரோபோனின் பல அம்சங்களில் ஒன்றுதான். வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கிரியேட்டினின், இசிஜி மாற்றம், நுரையீரலில் நீர் கோத்ததா என்பனவும் சேர்ந்தே எடைபோடப்படுகின்றன. என்னைக் கேட்டால், அம்புக்குறியைவிட ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொழுப்பில் கவனம் வையுங்கள். அது நம்மால் இறக்கக்கூடிய எண். ஐரோப்பிய வழிகாட்டுதல் 55-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, டாக்டர். அடுத்த பரிசோதனையைக் கடலூரிலேயே எடுக்கலாமா?

பதில் 1:
எடுக்கலாம். ஆனால் பிஎன்பி, என்டி-புரோபிஎன்பி இரண்டும் வெவ்வேறு பரிசோதனைகள். இரண்டின் எண்களையும் ஒப்பிடக் கூடாது. சீட்டில் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். சில கருவிகளில் அது முடிவையே மாற்றிவிடும் என்பதால், ரத்தம் எடுக்கும்முன் ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும்.