மானியம் வாங்கியவர் பட்டியல் இருக்கிறது, திருப்பி அனுப்பப்பட்டவர் பட்டியல் எங்கே?

செண்டுமல்லி:
பெங்களூர்த் தமிழர்களில் நிலத்தோடு தொடர்பு விடாதவர்கள் இங்கே இருப்பீர்கள், அதனால் கேட்கிறேன். மாலூர் பக்கம் எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்து அக்கா கணவரை இழந்தவர், பட்டியல் சாதி. ஒன்றரை ஏக்கரில் ராகியும் பூவும் போடுகிறார். ஸ்பிரேயர் மானியத்துக்கு ரைத சம்பர்க்க கேந்திரத்துக்கு, அதாவது வேளாண் துறையின் உள்ளூர் ஆபீஸுக்குப் போனார். ஜன்னலில் இருந்தவர் மனுவைக் கையில் வாங்கவே இல்லை. "பகணி மாமனார் பேர்ல இருக்கு, அப்புறம் வாங்க." பகணி என்பது நிலம் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும் அரசுப் பதிவு. அதே காலையில் அப்பா பேரில் பகணி உள்ள இன்னொருவரின் மனு உள்ளே போனது, அவருக்கு நாற்காலியும் போட்டார்கள். நான் கூடவே நின்றிருந்தேன். இது ஆபீஸ் மெத்தனம் இல்லை, உரிமை மீறல் என்கிறேன்.

ஓசூர் ரோடு:
அந்த அக்காவுக்கு நடந்தது தப்புதான் அண்ணா. ஆனால் ஒரு நாள் பார்த்ததை வைத்துச் சாதிதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. சட்டம் யார் பக்கம் நிற்கிறது? மத்திய அரசின் வேளாண் இயந்திர மானியத்தில் எஸ்.சி., எஸ்.டி., சிறு குறு விவசாயிகள், பெண்கள் என்றால் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40. பி.எம். கிசான் 6,000 ரூபாய் மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது, நடுவில் எந்த ஜன்னலும் இல்லை. சிக்கல் பௌதி காத்தாவில், அதாவது இறந்தவர் பேரில் உள்ள நிலத்தை வாரிசு பேருக்கு மாற்றுவதில் இருக்கிறது. எங்கள் தாத்தா நிலமும் பெரியப்பா, சித்தப்பா பங்கு பிரியாமல் அவர் பேரிலேயே கிடக்கிறது. நாங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாத சாதி, எங்களையும்தான் திருப்பி அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் பாகுபாடு என்று பேர் வைத்தால் காத்தா மாற்றும் வேலையை யாரும் அழுத்திக் கேட்க மாட்டார்கள்.

செண்டுமல்லி:
காத்தா மாறாதது எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்கிறதா? கணவர் பங்கில் மனைவிக்கு உரிமை 1956 வாரிசுச் சட்டத்திலேயே இருக்கிறது. மகளுக்குச் சம பங்கு என்று கர்நாடகம் 1994-ல் சட்டம் போட்டது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. இருந்தும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் பேரில் சாகுபடி நடக்கும் நிலங்கள் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம்தான். அக்காவின் கொழுந்தனார்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். உங்கள் பெரியப்பாவோடு நீங்கள் உட்கார்ந்து பேச முடியும். அக்கா கொழுந்தனார்கள் திண்ணையில் ஏறவே முடியாது.

கீரைக்கட்டு:
நாங்கள் ஆனேக்கல் பக்கம் குத்தகைக்குக் கீரை போடுகிறவர்கள். கர்நாடகத்தில் 1974 நிலச் சீர்திருத்தத் திருத்தத்துக்கு அப்புறம், சில விலக்குகள் தவிர, விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதே சட்டப்படி செல்லாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். மழையில் கொத்தமல்லி அழுகினால் நஷ்டம் எங்களுக்கு, நிவாரணம் நிலத்துக்காரருக்கு. ஆந்திரா 2011-லேயே குத்தகைச் சாகுபடியாளருக்கு அட்டை கொடுக்கச் சட்டம் போட்டது, 2019-ல் அதை மாற்றி 11 மாத ஒப்பந்தமாக்கியது. இங்கே ஏன் முடியாது?

ஓசூர் ரோடு:
1974 திருத்தம் உழுதவனுக்கு நிலம் கொடுத்த சட்டம், முதல்வர் தேவராஜ் அர்ஸ் காலத்தில் வந்தது. அதைத் தளர்த்தினால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பேர் மானியம் கேட்டால் அதிகாரி யாருக்குக் கொடுப்பார்? கள்ளக் கணக்கு பெருகும்.

ஒயிட்ஃபீல்டு வாசகி:
அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கறுப்பின விவசாயிகள் வேளாண் துறை மேல் வழக்குப் போட்டார்கள், பிக்ஃபோர்டு வழக்கு. கடன் மனுவை இழுத்தடித்தது, மறுத்தது, புகாரை விசாரிக்காமல் விட்டது எல்லாம் வெளியே வந்தது. 1999-ல் சமரசம் ஆனது, பல ஆயிரம் பேருக்குத் தலா 50,000 டாலர். பலரிடம் பழைய காகிதம் இல்லை என்பதால் குறைந்த ஆதாரம் போதும் என்று ஒரு வழியே வைத்தார்கள். அங்கேயும் விதிப்புத்தகத்தில் பாகுபாடு கிடையாது, 1964 சிவில் உரிமைச் சட்டமே அதைத் தடுத்தது. உள்ளூர் ஆபீஸில்தான் எல்லாம் நடந்தது.

ஓசூர் ரோடு:
அங்கே நீதிமன்றத்துக்குப் போனார்கள், சரி. இங்கே தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 4 படி மானியப் பயனாளிகள் விவரத்தை அரசே வெளியிட வேண்டும். அதை எடுத்துப் பாருங்கள். எஸ்.சி. பேர்கள் குறைவாக இருந்தால் நானும் உங்களோடு வருகிறேன்.

செண்டுமல்லி:
அந்தப் பட்டியலில் வாங்கியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். வாங்கப்படாத மனு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அக்கா அந்த ஜன்னலுக்கு வந்தார் என்பதற்கே சாட்சி நான் ஒருவன்தான். அரசுச் சேவையைக் குறித்த நாளுக்குள் தர வேண்டும் என்கிற சகாலா சட்டம் கர்நாடகத்தில் 2011-லிருந்து இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள சேவைக்கு மனு கொடுத்தால் ஜி.எஸ்.சி. எண் என்ற மனு எண் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் இழப்பீடு, 500 வரை. ஒவ்வொரு மானிய மனுவுக்கும், ஸ்பிரேயரோ தார்ப்பாயோ, அப்படி ஒரு எண் வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். சாதி, பெண், குத்தகை எதுவாக இருந்தாலும் அப்போதுதான் கணக்கு தெரியும்.

ஓசூர் ரோடு:
மனுவுக்கு எண், மறுப்புக்கு எழுத்தில் காரணம், இதில் எனக்கு மறுப்பே இல்லை. எங்கள் குடும்பத்துக்கும் அது உதவும். மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் குத்தகை அட்டையை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் என் பெயர் வேண்டாம்.

கீரைக்கட்டு:
அப்படியென்றால் என் பெயரும் வேண்டாம் சார். நாங்கள் இல்லாத மனு எங்களுக்கு எதற்கு?

செண்டுமல்லி:
இரண்டு மனுவாகப் போடுவோம். எண் கேட்கும் மனுவில் எல்லோரும், குத்தகை மனுவில் விரும்புகிறவர்கள். ஞாயிறு மாலை அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதலாம். கன்னடத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள், மனு கன்னடத்தில்தான் போக வேண்டும்.