புதுப்பிப்பு: லூபஸும் எழுந்தால் வரும் படபடப்பும்

எனக்கு லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய், இருக்கிறது. எழுந்து நின்றாலே படபடப்பு, கண் இருட்டுகிறது, லூபஸோடு இது வேறா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். "பயம்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பயம் இல்லை. வேறொரு மருத்துவர் படுக்கவைத்து, பிறகு 10 நிமிடம் நிற்கவைத்து எண்ணினார். நாடித்துடிப்பு 78-லிருந்து 124. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. இது 'பாட்ஸ்' என்ற தன்னியக்க நரம்புக் கோளாறு; இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தானாகக் கவனிக்கும் நரம்புகளில் வருவது.

படபடப்புக்குப் பலர் சாப்பாட்டில் உப்பைக் கூட்டச் சொன்னீர்கள். தயவுசெய்து சிறுநீரகத்தைப் பரிசோதிக்காமல் கூட்டாதீர்கள். எனக்குச் சிறுநீரில் புரதம் போகிறது, அதனால் உப்பு கூடாது. துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை விரல்களுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கலாம்; எனக்குக் குளிரில் விரல் வெளுப்பதால் அதுவும் வேண்டாம் என்றார் மருத்துவர். லூபஸுக்காக எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் இதயத்துடிப்பின் சீரைப் பாதிக்கலாம் என்பதால், ஈசிஜி பார்த்துவிட்டுத்தான் துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஐவாபிரடின் கொடுத்தார். அப்புறம், இடுப்புவரை இறுக்கமான காலுறை; போடவே கால் மணி நேரம் ஆகிறது, ஆனால் பலன் தெரிகிறது. நேற்று நின்றபடியே நான்கு தோசை வார்த்தேன்.