ஹூஸ்டனின் வெயிலிலும் ஈரக்காற்றிலும் ஆப்ரிகாட் காய்க்குமா?

சுகர்லேண்ட்வாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஹூஸ்டனை அடுத்த சுகர்லேண்டில் குடியிருக்கிறோம். வீட்டின் பின்புறம், நாள் முழுவதும் வெயில் விழும் இடம் ஒன்று காலியாக உள்ளது. அங்கே ஓர் ஆப்ரிகாட் மரம் வைக்க வேண்டும் என்பது என் மாமனாரின் விருப்பம். இராணுவத்தில் லடாக்கில் பணியாற்றிய காலத்தில் மரத்திலிருந்தே பறித்து உண்ட பழத்தின் சுவையை அவர் இன்னும் மறக்கவில்லை. அருகிலுள்ள நர்சரியில் மூர்பார்க் என்னும் ரகத்தின் ஒட்டுக்கன்று கிடைக்கிறது. கடும் வெயிலையும் தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். எங்கள் மண் கறுத்த களிமண். மழை பெய்தால் தண்ணீர் எளிதில் வடியாது. கோடையில் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தோடு காற்றில் எந்நேரமும் ஈரம் இருக்கும். இந்தக் கன்றை வாங்கலாமா, வேறு ரகம் பார்க்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிசல்தோட்டம்:

வணக்கம் நண்பரே. நர்சரிக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் ஊரில் ஆப்ரிகாட்டுக்குச் சிக்கல் கோடை வெயிலால் வருவதில்லை. உலகின் உலர் ஆப்ரிகாட்டில் பெரும்பகுதியை விளைவிக்கும் துருக்கியின் மலத்யாவிலும் கோடையில் 35 பாகையைத் தாண்டும். அங்கே குளிர்காலம் முழுமையாக இருக்கிறது, பழம் பழுக்கும்போது காற்று வறண்டிருக்கிறது. உங்கள் மாமனார் பார்த்த லடாக்கும் அப்படித்தான். அதன் லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். ஹூஸ்டனில் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் பெய்கிறது.

இலையுதிர்த்து உறங்கும் இம்மரத்தின் மொட்டுகள், 7 பாகைக்குக் கீழான குளிரில் குறிப்பிட்ட மணிநேரத்தைக் கழித்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காக விழிக்கும். மூர்பார்க்குக்கு ஏறத்தாழ 600 மணிநேரம் வேண்டும். உங்கள் பகுதியில் சில குளிர்காலங்கள் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. இடையில் 16 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் நாட்கள், அதுவரை சேர்ந்த குளிரிலிருந்தும் ஒரு பகுதியைக் கழித்துவிடுகின்றன. குளிர் போதாத ஆண்டில் ஆப்ரிகாட்டின் பூமொட்டுகள் விரியாமலே உதிர்ந்துவிடும். மரம் பச்சையாக, நலமாக நிற்கும், காய் மட்டும் இராது. ஆகவே இந்தக் கன்றை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வைத்தே ஆக வேண்டும் என்றால் 300 மணிநேர அளவுக் குளிரே போதுமான கோல்டு கிஸ்ட், அல்லது கேட்டி என்னும் ரகத்தைத் தேடுங்கள். இரண்டும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை என்பதால் ஒரு மரம் போதும். ஆனால் குறைந்த குளிரில் விழிக்கும் மரம் சீக்கிரமே பூத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி நடுவில் ஹூஸ்டனில் வெப்பம் மைனஸ் 10 பாகை வரை இறங்கியது; விரிந்த ஆப்ரிகாட் பூவோ மைனஸ் 3 பாகையிலேயே கருகத் தொடங்கும்.

பழமரப்பித்தன்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. மண்ணையும் நோயையும் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனெனில் மெக்சிகோ வளைகுடாக் கரையில் ரகம் சரியாக அமைந்த மரங்களும் இவ்விரண்டால் சாகின்றன.

நடுவதற்கு முன் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தில் குழி நடவு கூடாது. ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையாமல் அகலமாக மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மேடு கட்டினாலும் வேர்ச்செடி, அதாவது ரகத்தை ஒட்டியிருக்கும் அடிச்செடி, எது என்று விற்பவரிடம் கேளுங்கள். பீச் வேர்ச்செடி ஈரக் களிமண்ணில் அழுகிவிடும். பிளம்ஸ் வகையான மரியானா 2624 மீது ஒட்டியது ஓரளவு தாங்கும்.

பூக்கும்போதும் பழுக்கும்போதும் மழை பெய்தால் பழுப்பு அழுகல் என்னும் பூஞ்சாண நோய் தாக்கும். முதலில் பூ கருகி, அதன் வழியே கிளை நுனி காயும். பின்னர், பறிக்க இரண்டொரு நாள் இருக்கும் பழத்தில் சிறு பழுப்புப் புள்ளி தோன்றி, பழம் முழுவதும் பரவி, மேலே சாம்பல் நிறத் துகள் படியும். அப்படிச் சுருங்கித் தொங்கும் பழங்களை ஒன்று விடாமல் பறித்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த ஆண்டின் நோய் அவற்றிலிருந்துதான் வருகிறது. பீச்சுக்குத் தெளிக்கும் கந்தகத்தை ஆப்ரிகாட்டில் தெளிக்கவே கூடாது, இலை கருகி உதிர்ந்துவிடும். இதை அறியாமல் நல்ல மரங்களைப் பலர் வீணாக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இலையுதிர்ந்தபின் தாமிரக் கலவை தெளிக்கலாம்.

அடிமரத்தில் தேன் நிறப் பிசின் முத்து முத்தாக வடிந்தால், அந்த இடத்தில் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் கவலையில்லை. பழுப்பாகிப் புளித்த வாடை வந்தால் அது பாக்டீரியாப் புண். குளிர்கால ஈரத்தில் வெட்டிய காயங்கள் வழியே இது நுழைவதால், கவாத்தைக் கோடையில், மழையற்ற நாட்களாகப் பார்த்துச் செய்யுங்கள்.

வகயாமாத்தமிழ்:

ஜப்பானின் வகயாமா மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். ஈரமான கோடைக்கு ஆப்ரிகாட்டைவிடப் பொருத்தமான உறவுமரம் ஒன்று உண்டு: இங்கு மினாபே வட்டாரத்துக் குன்றுகளெங்கும் விளையும் உமே. அதன் காய் ஜூன் மாதத்தில், அடைமழைக் காலத்திலேயே முற்றுகிறது. பச்சையாகத் தின்பதற்கு ஏற்றதன்று. நம் மாவடுவைப்போல உப்பில் ஊறவைத்து, மழை ஓய்ந்தபின் வெயிலில் உலர்த்துகிறார்கள். இங்கு பெயர்பெற்ற நான்கோ ரகம் தனியாகக் காய்க்காது, துணைக்கு வேறு ரகம் வேண்டும். பூப்பதும் ஆப்ரிகாட்டுக்கு முன்பே என்பதால் பின்பனியின் ஆபத்து உங்களுக்கு அப்படியே இருக்கும்.

சுகர்லேண்ட்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமனார் விரும்புவது கையால் பறித்து உண்ணும் இனிய பழம் என்பதால் ஊறுகாய்க்கான மரம் அவருக்கு நிறைவு தராது. குழியில் நீர் நிரப்பிப் பார்த்தோம். மறுநாள் மாலையிலும் நின்றது. எனவே மேடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். கோல்டு கிஸ்ட்டோடு பீச் ஒன்றையும் வைத்தால் பழம் உறுதியாகக் கிடைக்குமா?

கரிசல்தோட்டம்:

உறுதி என்று சொல்ல இயலாது, ஆனால் வாய்ப்பு நன்றாகவே கூடும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபுளோர்டாபிரின்ஸ் பீச்சுக்கு 150 மணிநேரக் குளிர் போதும். அதிக மழைக்கு முன்பே, வசந்த இறுதியில் பழுத்துவிடும். ஆனால் அதுவும் சீக்கிரம் பூப்பதே. பனி எச்சரிக்கை வரும் இரவில் இரண்டையும் தரைவரை தொங்கும் துணியால் மூட வேண்டும். இரண்டுக்கும் இடையே 15 அடி இடைவெளி விடுங்கள். காற்று புகுந்து இலை விரைவில் உலர வேண்டும். பீச்சுக்குக் கந்தகம் தெளிக்கும் நாளில் காற்று ஆப்ரிகாட் பக்கம் வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.