கனரகமா, கடும்பணியா? ஹெவி டியூட்டி பிக்கப்புக்கு ஒரு தமிழ்ச் சொல்

மதுரையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளைப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ளவை) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபோர்டு எஃப்-150 வாங்குவதா, எஃப்-250 வாங்குவதா, ரேம் 1500 போதுமா, 2500 வேண்டுமா என்று அங்கே குடும்பங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. ஒவ்வோர் இணையிலும் முதலாவது லைட் டியூட்டி, அடுத்தது ஹெவி டியூட்டி. ‘இலகுரகம்’, ‘கனரகம்’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் படித்தபோது ஏதோ உறுத்தியது. பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து:

கனரகம் என்பதில் என்ன குறை அம்மா? செய்தித்தாளில் இருக்கிறது, சாலையோர அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, படிக்காதவருக்கும் புரிகிறது. இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிது செய்வதே இந்தக் குழுவுக்கு வேலையாகப் போய்விட்டது.

கோவையிலிருந்து:

> கனரகம் என்பதில் என்ன குறை அம்மா?

சொல்லில் குறை இல்லை ஐயா. அது ஏற்கெனவே வேறோர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது, அதுதான் சிக்கல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டி இலகுரகம். 12,000 கிலோவைத் தாண்டினால்தான் கனரகம். இப்போது அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 8,500 பவுண்டு வரை, அதாவது சுமார் 3,856 கிலோ வரை லைட் டியூட்டி. அதற்கு மேற்பட்ட பிக்கப் ஹெவி டியூட்டி. பின்னால் நான்கு சக்கரம் பூட்டிய எஃப்-350கூட 14,000 பவுண்டுக்குள், அதாவது 6,350 கிலோவுக்குள் நின்றுவிடும். நம் சட்டத்தின் கண்ணில் அந்தப் பூதமும் இலகுரகம்தான்! இலகுரக உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாக்கியும் விட்டது. ‘கனரகப் பிக்கப்’ என்று எழுதினால் நம் ஊர் ஓட்டுநர் பன்னிரண்டு சக்கர லாரியைத்தான் நினைப்பார்.

இன்னொன்று. டியூட்டி என்பது எடை அல்ல, வண்டியிடம் வாங்குகிற வேலை. பின் ஆக்சிலைப் பாருங்கள், விளங்கும். லைட் டியூட்டி வண்டியில் ஆக்சில் ஷாஃப்டுக்கு, அதாவது உள்ளே சுழலும் தண்டுக்கு, இரண்டு வேலை: சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், வண்டியின் பாரத்தையும் தாங்க வேண்டும். ஹெவி டியூட்டியில் பாரத்தை ஆக்சிலின் கூடு தாங்கிக்கொள்கிறது. அதன்மேல் பேரிங்கில் ஹப், அதாவது சக்கரம் பூட்டும் குடம், சுழல்கிறது. ஷாஃப்ட் சுழற்றினால் மட்டும் போதும். சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாஃப்டை உருவி வெளியே எடுத்துவிடலாம். லாரிப் பட்டறைப் பக்கம் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக், டயர், வண்டியின் அடிச்சட்டம் எல்லாம் அதற்கேற்பத் தடிக்கும்.

இந்த வேறுபாடு நம் பாட்டன்மாருக்குத் தெரிந்ததுதான். ஆள் ஏறிப்போக வில்வண்டி, மூட்டை ஏற்றப் பாரவண்டி. எடைபோட்டா பெயர் வைத்தார்கள்? வாங்கும் வேலையைப் பார்த்து வைத்தார்கள். வெறும் பாரவண்டியில் உட்கார்ந்து சந்தைக்குப் போனவரின் முதுகைக் கேளுங்கள். சரக்கில்லாத ஹெவி டியூட்டி பிக்கப்பும் அப்படித்தான் தூக்கிப்போடும்.

ஆகவே வன்பணி, மென்பணி என்று முன்மொழிகிறேன். வல்லினம், மெல்லினம் போல இணையாக நிற்கும். பிக்கப்புக்கு மட்டும் அல்லாமல் ஹெவி டியூட்டி மிக்சிக்கும் ஸ்டேப்ளருக்கும் இதே சொல் பொருந்தும். ‘கனரக ஸ்டேப்ளர்’ என்று யாராவது சொல்வார்களா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

மென்பணி என்றதும் எனக்கு மென்பொருள் நிறுவனத்து வேலைதான் நினைவுக்கு வந்தது. வன்பணி என்றால் வன்முறைக்கும் பக்கத்தில் போகிறது. ஐயா மன்னிக்க வேண்டும். மற்றபடி எங்கள் செய்திகளில் ‘ரகம்’ இல்லாமல் ஒரு வாகனமும் ஓடாது: கப் ரக வாகனம், பட்டா ரக வாகனம், கனரக வாகனம். அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பது நல்லது என்பதே என் எண்ணமும்.

டெக்சாஸிலிருந்து:

இந்த வண்டிகளோடு குடியிருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இங்கே கடைக்காரரும் வாங்குபவரும் பேசுவது வேறு மொழி: அரை டன் (எஃப்-150), முக்கால் டன் (எஃப்-250), ஒரு டன் (எஃப்-350). ஃபோர்டு எஃப் வரிசை 1948இல் வந்தபோது எஃப்-1 அரை டன் வண்டி. 1953இல் எஃப்-100, எஃப்-250, எஃப்-350 என்று பெயர் மாறியது. எஃப்-150 வந்தது 1975இல்தான். இங்கே ஒரு டன் 2,000 பவுண்டு, எனவே அரை டன் என்றால் சுமார் 454 கிலோ. அன்றைக்கு அது தொட்டியில் ஏற்றக்கூடிய பாரத்தைக் குறித்தது. இன்றைய அரை டன் வண்டிகள் பல அதைப்போல் ஒன்றரை மடங்கு, இரு மடங்குகூடச் சுமக்கின்றன. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே டன் கணக்கைக் கலைச்சொல்லாக்க வேண்டாம். புரிந்துகொள்ளும்படி ஒரு வரி எழுதினால் போதும்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கட்டுரைக்கு உதவலாம். விடுமுறைக்கு இழுத்துப்போகும் குடில்வண்டி (கேம்பர் டிரெய்லர்) 7,000 பவுண்டு. எங்கள் அரை டன் வண்டி அதைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் என்று விளம்பரம். மனைவிதான் ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருந்த வில்லையைப் படித்தார்: ஆளும் சரக்கும் 1,500 பவுண்டுக்கு மிகக் கூடாது. பின்னால் இழுபடும் குடில்வண்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்தும், அது இந்தக் கணக்கில் சேரும். 13 விழுக்காடு என்று வைத்தாலே 910 பவுண்டு. நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து 600. தொட்டியில் ஒரு பானை வைக்கக்கூட இடமில்லை. இழுதிறன் மிச்சம் இருக்கிறது, பாரத் திறன் தீர்ந்துபோனது!

முக்கால் டன் டீசலுக்கு மாறினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அதிலும் ஒரு பொறி. எஃப்-250இன் பல வண்டிகளுக்கு மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் தொழில் வண்டிக்கான விதிகள் குறுக்கே வரும். டீசல் எஞ்சினும் தோல் இருக்கையும் அந்த வரம்பைத் தின்றது போக மிஞ்சுவது, சில நேரம், நல்ல அரை டன் வண்டியின் பாரத் திறனைவிடப் பெரிதாக இருப்பதில்லை. கடைசியில் பெட்ரோல் எஞ்சின் போட்டதை வாங்கினோம். மைலேஜ் என்ன என்று கேட்காதீர்கள். 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்கப்பில் அரசின் மைலேஜ் வில்லை ஒட்டவேண்டியதே இல்லை, ஏன் என்று வாங்கிய பிறகு புரிந்தது.

சொல்லுக்கு வருகிறேன். பணி என்பது சரி, வன், மென் வேண்டாம். ‘கடும்பணி’ என்று வைத்தால் என்ன? கேட்டவுடன் புரிகிறது, எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னொன்றுக்கு ‘எளிபணி’.

சேலத்திலிருந்து:

கடும்பணி எனக்குச் சம்மதம். சட்டத்தின் எல்லை இப்படி இருக்கும்போது கனரகம் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். எளிபணிதான் இடிக்கிறது. அரை டன் சுமப்பதை எளிது என்று எந்தச் சுமைதூக்கும் தொழிலாளியிடமாவது சொல்லிப் பாருங்கள்.

கோவையிலிருந்து:

வன்பணி போனதில் வருத்தம் உண்டு, சண்டை இல்லை. எளிபணிக்கு வேறு சொல் தேடவேண்டியதில்லை. ஒன்று கடும்பணி என்றால் மற்றது வெறும் பிக்கப். அமெரிக்காவிலும் எஃப்-150 வைத்திருப்பவர் ‘என் லைட் டியூட்டி’ என்று சொல்லிக்கொள்வாரா என்ன? இரண்டையும் ஒப்பிடும் இடத்தில் மட்டும் எளிபணி என்று எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“எஃப்-150 சாதாரணப் பிக்கப். எஃப்-250, எஃப்-350 ஆகியவை கடும்பணிப் பிக்கப்புகள். கடும்பணி என்பது வண்டியின் எடையைக் குறிப்பதல்ல, பாரமும் இழுவையும் நாள்தோறும் தாங்கும்படி அதன் ஆக்சிலும் பிரேக்கும் அடிச்சட்டமும் அமைக்கப்பட்டிருப்பதைக் குறிப்பது.”

‘கடும்பணிப் பிக்கப்’ என்று சொல்லும்போது ப் மிகுந்து நாக்கு சற்றுத் தடுக்குகிறது, பொறுத்துக்கொள்வோம். பாரத் திறன், இழுதிறன் இரண்டையும் டெக்சாஸ் நண்பரின் மடலிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தக் கதவு நிலை வில்லையின் படம் ஒன்று கிடைக்குமா என்று அவர் மனைவியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.