பிளேரைட் (பிரவுசரில் தானாக டெஸ்ட் ஓட்டும் டூல்): மூன்று பிரவுசரையும் ஒன்று முடிந்தபின் ஒன்றாக ஓட்டுவது எப்படி?

கடலோரம்:
கான்ஃபிக்கில் குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் என்று பிரவுசருக்கு ஒன்றாக மூன்று புராஜெக்ட் இருக்கிறது. தனித்தனியாக ஓட்டினால் எல்லாம் பாஸ். மொத்தமாக ஓட்டினால் ஷாப்பிங் கார்ட் டெஸ்டுகள் மட்டும் (எல்லாம் ஒரே ஃபைலில்தான் இருக்கின்றன) ஒருநாள் ஃபயர்ஃபாக்ஸில், மறுநாள் வெப்கிட்டில் என்று மாறி மாறி ஃபெயில் ஆகின்றன. எல்லாமே ஒரே யூசரில் லாகின் செய்வதால், ஒரு பிரவுசர் போட்ட பொருளை இன்னொன்று காலி செய்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஃபுல்லிபேரலலை (எல்லா டெஸ்டையும் ஒரே நேரத்தில் ஓட விடும் செட்டிங்) ஆஃப் செய்தும் பார்த்துவிட்டேன், மாற்றமே இல்லை.

பனைமரம்:
அது ஆஃப் ஆனால் ஒரே ஃபைலுக்குள் இருப்பவை மட்டும்தான் வரிசையாக ஓடும், புராஜெக்டுகள் வெவ்வேறு ஒர்க்கரில் (டெஸ்டை ஓட்டும் தனி பிராசஸ்) ஒரே நேரத்தில் ஓடத்தான் செய்யும். ஒர்க்கர்ஸை 1 ஆக்குங்கள். சொல்லாவிட்டால் மெஷினின் லாஜிக்கல் கோர்களில் பாதி அளவுக்கு அதுவே எடுத்துக்கொள்ளும்.

சுக்குகாபி:
1 ஆக்கினால் சரியாகும், ஆனால் மற்ற டெஸ்டுகளும் சேர்ந்து நத்தை வேகத்தில் போகும். அதைவிட புராஜெக்ட் பெயரைக் கொடுத்து கமாண்டை மூன்று முறை ஓட்டுங்கள். நடுவில் && போட்டால் குரோமியத்தில் ஒன்று ஃபெயில் ஆனாலே மற்ற இரண்டும் ஓடாது; வெறும் ; போட்டால் கடைசி கமாண்டின் எக்ஸிட் கோட்தான் (பாஸா ஃபெயிலா என்று சொல்லும் எண்) வெளியே போகும். எங்கள் டீமில் இப்படித்தான் குரோமியம் உடைந்து கிடந்தது, வெப்கிட் பாஸ் ஆனதால் பில்டு பச்சையாகவே இருந்தது, இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. அதனால் மூன்று எக்ஸிட் கோடையும் ஸ்கிரிப்டில் சேமித்துப் பாருங்கள். அவுட்புட் ஃபோல்டரையும் தனித்தனியாகக் கொடுங்கள், ஒவ்வொரு ரன்னும் தொடங்கும்போது பழையதை அழித்துவிடும். டிபென்டன்சீஸ் (ஒரு புராஜெக்ட் முடிந்தபின்தான் இன்னொன்று என்ற செட்டிங்) வைத்து வரிசைப்படுத்தச் சிலர் சொல்வார்கள், வேண்டாம், அதிலும் முதலாவது ஃபெயில் ஆனால் அடுத்தது ஓடாது.

பனைமரம்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் வரிசையாக ஓட்டுவது தற்காலிகம்தான். நாளைக்கு கார்ட் டெஸ்டை இரண்டு ஃபைலாகப் பிரித்தால் ஒரே பிரவுசருக்குள்ளேயே இதே சண்டை வரும். ஒர்க்கருக்கு ஒரு யூசர் வையுங்கள், பேரலல்இன்டெக்ஸை (ஒரே நேரத்தில் ஓடும் ஒர்க்கர்களில் இது எத்தனையாவது என்ற எண்) வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒர்க்கர்இன்டெக்ஸை எடுக்காதீர்கள், டெஸ்ட் ஃபெயில் ஆகி ஒர்க்கர் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஏறும்.

கடலோரம்:
நன்றி இருவருக்கும்! ஒர்க்கர் 1 வைத்து ஐந்து முறை ஓட்டினேன், ஐந்தும் பாஸ், சந்தேகம் தீர்ந்தது. நான்கு ஒர்க்கருக்கு நான்கு யூசர் உருவாக்கிவிட்டேன். லாகினை ஒவ்வொரு டெஸ்டிலும் செய்ய வேண்டுமா?

பனைமரம்:
வேண்டாம். ஒர்க்கர் ஸ்கோப் ஃபிக்ஸ்சரில் (ஒர்க்கருக்கு ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப்) ஒருமுறை லாகின் செய்து ஸ்டோரேஜ் ஸ்டேட்டை (குக்கீ போன்ற லாகின் விவரங்கள்) ஃபைலில் சேமியுங்கள், அந்த ஒர்க்கரின் டெஸ்டுகள் எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளட்டும்.